ஆரிபாவுக்கு ஒரு தடித்த கம்பி

கிதர் முகம்மதுவின் விரல்களை ஒருமுறை பார்த்தவர்கள் மறுமுறை பார்க்க மாட்டார்கள். திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில், மீசை அரும்பாத வயதிலிருந்து அவருக்குச் சுண்ணாம்புத் தொட்டியில்தான் வேலை. ஆட்டுத் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு, புரட்டிக் கொடுத்து, மயிர் கழலும் பதம் பார்த்து எடுக்க வேண்டும். சுண்ணாம்பு தின்கிறபோது இது ஆட்டின் தோல், இது ஆளின் தோல் என்று பார்ப்பதில்லை. விரல் நுனியெல்லாம் வெடித்து, ஆறுவதற்குள் மறுபடி வெடிக்கும். இந்தக் கையை வைத்துக்கொண்டு மனிதருக்குக் கிதார் மேல் ஆசை வந்ததென்றால், ஆசைக்கு வெட்கம் மட்டுமல்ல, விவஸ்தையும் கிடையாது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆசையைக் கிளப்பிவிட்டவர் சூசைமுத்து. கல்யாண ஊர்வலத்துக்குப் போகிற பேண்டு செட்காரர். கொழும்பில் சில வருஷம் ஹோட்டல்களில் வாசித்துவிட்டு ஊர் திரும்பியவர். அவரிடம் 1959-ல் ஒரு பழைய கிதாரைக் கிதர் வாங்கினார். மெல்லிய கம்பியை அழுத்தினால் அது வெடிப்புக்குள் போய் உட்கார்ந்து ரத்தம் பார்த்தது. தடித்த கம்பி அப்படி அறுக்கவில்லை. வம்பே வேண்டாம் என்று மெல்லிய கம்பிகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, நாலு தடித்த கம்பிகளை மட்டும் மாட்டிக்கொண்டார். சூசைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கொழும்பில் இதற்கென்றே தனியாக ஒரு கிதார் உண்டு, அதற்கு பேஸ் கிதார் என்று பேர், நாலே கம்பிதான், பாட்டுக்கு அடியில் கிடந்து பாட்டைத் தாங்கும், பாய் அதைத் தெரியாமலே செய்துவிட்டார் என்றார்.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். உடைந்த கிதார் எங்கே கிடந்தாலும் வாங்கி வருவார். கம்பி தாங்குகிற கட்டையை உயர்த்துவார், கழுத்தைச் செதுக்குவார், முறுக்காணிகளை மாற்றுவார். தொழுகிற வீட்டில் இது ஆகாது என்று மச்சான் அப்துல் கையூம் வந்து வந்து சொல்லிவிட்டுப் போவார். சரி மச்சான், சரி மச்சான் என்று கேட்டுக்கொண்டு, அவர் தெருவைத் தாண்டியதும் கிதர் கம்பியை முறுக்குவார். சீட்டாடப் போகாமல் வீட்டோடு இருக்கிறாரே, அதுவே போதும் என்று மனைவி ஜெய்தூன் பீவி விட்டுவிட்டாள். அதுவரைக்கும் அது ஒரு விளையாட்டு.

1962 மழைக்காலத்தில் அவர்களுடைய ஒரே மகள் ஆரிபாவுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. நாலு வயதுப் பிள்ளை. பிழைத்தாள். ஆனால் காய்ச்சல் இறங்கிய பிறகு ஜெய்தூன் கூப்பிட்டால் திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால் பித்தளைக் குடம் விழுந்து உருண்டபோதும் திரும்பவில்லை. மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். காது நரம்பு போய்விட்டது, இனி வராது என்றார் டாக்டர். கற்றுக்கொண்டிருந்த அத்தா, அம்மா எல்லாம் மெல்ல மெல்லப் பிள்ளையின் வாயை விட்டுப் போயின. கிதர் சோற்றில் கை வைப்பார், எழுந்துவிடுவார். தொட்டிக்குள் இறங்கி நிற்கும்போது யாருக்கும் தெரியாமல் அழலாம் என்பதால் வேலைக்கு மட்டும் ஒழுங்காகப் போனார்.

ஒரு சாயங்காலம், முற்றத்தில் கிடந்த நீளப் பெஞ்சின் ஒரு கோடியில் அவர் உட்கார்ந்திருந்தார். மறு கோடியில் ஆரிபா அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உள்ளங்கையைப் பலகையில் ஊன்றிக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவர் எதையும் நினைக்காமல் கிதாரின் அடியைப் பெஞ்சில் ஊன்றி, ஆகத் தடித்த கம்பியைத் தட்டினார். பிள்ளை திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

மறுபடி தட்டினார். மறுபடி திரும்பினாள். அவர் கூப்பிட்ட கூப்பாட்டில் அடுப்படியிலிருந்து ஓடிவந்த ஜெய்தூனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேக்குதுடி. நம்ம பிள்ளைக்குக் கேக்குது."

நீரில் மூழ்குகிறவனுக்குத் துரும்பு கிடைத்தால் விடுவானா? மெல்லிய சத்தம் காதுக்குள் போகவில்லை, தடித்த சத்தம் போகிறது, இன்னும் தடிக்கத் தடிக்க ஒருநாள் காது திறந்துவிடும். இதுதான் கிதர் கண்டுபிடித்த வைத்தியம். கடையில் கிடைக்கிற கம்பி அவருக்குப் போதவில்லை. ஆட்டுக் குடலை வாங்கிக் கழுவி, நாலு புரியாக முறுக்கி நரம்பு செய்தார். அது அழுகிவிடக் கூடாதே என்று, தோல்காரர் புத்தியில், ஆவாரம் பட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டார். ஊறி வந்தது நரம்பு அல்ல, செருப்பு வார். தட்டினால் 'தொப்' என்றது. பட்டைத் தண்ணீரில் போட்டால் எதுவும் தோலாகித்தான் தீரும் என்று ஊருக்கெல்லாம் தெரிந்ததை, அதிலேயே கிடந்தவர் மறந்துபோனார். திரும்பவும் முறுக்கி, வெறும் எண்ணெய் பூசி மாட்டினார். அதற்கும் பிள்ளை திரும்பினாள். கடைசியில் சூசை மூலமாகக் கொழும்பிலிருந்து அசல் பேஸ் கிதார் ஒன்றும் வந்து சேர்ந்தது. மரக்கட்டை மாதிரி கனம். மின்சாரப் பெட்டி இல்லாமல் அது பேசாது என்றார் சூசை. பெஞ்சில் ஊன்றித் தட்டியபோது பெஞ்சே பேசியது. ஆரிபா கைதட்டிச் சிரித்தாள். தெருவில் சிலர் செவிடன் காதில் ஊதிய சங்கு என்று சொல்லிச் சிரித்ததும் அவருக்குத் தெரியும். பிள்ளை திரும்புவதை அவர்கள் பார்த்ததில்லை.

1965 பிறந்ததும் சூசையின் அக்கா செபாஸ்தியம்மாள் வந்தாள். தெற்கே பாதிரிமார் நடத்துகிற ஒரு காது கேளாதோர் பள்ளியில் சமையல் வேலை பார்க்கிறவள். அங்கே பிள்ளைகள் கையால் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள், தையல் கற்கிறார்கள், ஏழு வயதுக்குள் சேர்த்தால்தான் உண்டு என்றாள். ஆரிபாவுக்கு ஏழு நடந்துகொண்டிருந்தது. பசித்தால் அம்மாவின் சேலையை இழுப்பதைத் தவிர வேறு பேச்சு அவளுக்குத் தெரியாது. ஜெய்தூன் அன்றைக்கே மனதைத் தேற்றிக்கொண்டாள். கிதர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"கேக்குற பிள்ளையச் செவிட்டுப் பள்ளிக்கூடத்துல விடச் சொல்றியா? நான் இருக்குற வரைக்கும் நடக்காது."

"கொடம் விழுந்தாக் கேக்கல, பள்ளிவாசல்ல பாங்கு சொன்னாக் கேக்கல. நீங்க தட்டுனா மட்டும் கேக்குமாக்கும்? இந்த ஜூன் மாசம் விட்டா அப்புறம் சேக்க மாட்டாகளாம்."

அதெல்லாம் மெல்லிய சத்தம் என்றார் அவர். பிடித்த முயலுக்கு மூன்றே கால். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பிள்ளை வாயால் அத்தா என்று சொல்ல வைக்கிறேன், அப்படி ஆகாவிட்டால் பார்ப்போம் என்று மட்டும் இறங்கி வந்தார்.

அந்த வருஷம் பக்ரீத் ஏப்ரலில் வந்தது. மகள் பேரில் ஒரு செம்மறிக் கிடாயைக் குர்பானி கொடுத்தார். குர்பானித் தோலை விற்கக் கூடாது. பள்ளிவாசலுக்குக் கொடுப்பார்கள், வீட்டில் புழங்கவும் வைத்துக்கொள்ளலாம். கிதர் வைத்துக்கொண்டார். தினமும் வெகுநேரம் பலகையில் உட்கார்ந்து பிள்ளைக்கு வலிக்குமே என்று, தோலை மயிரோடு பதம் செய்து, உள்ளே இலவம்பஞ்சைத் திணித்து, மெத்தையாகத் தைத்துப் பெஞ்சில் போட்டார். அவர் ஆயுசில் அப்படி ஒரு தோலைப் பதம் செய்ததில்லை. ஆரிபாவுக்கு அது உயிராகிவிட்டது. சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் அந்த மயிரைத் தடவிக்கொண்டே இருப்பாள்.

அன்றையிலிருந்து பிள்ளை திரும்பவில்லை.

தட்டினார். திரும்பவில்லை. ஓங்கித் தட்டினார். அவள் பாட்டுக்கு மயிரைக் கோதிக்கொண்டிருந்தாள். இருந்த கொஞ்சநஞ்சக் காதும் அடைக்கிறது என்று கிதர் நினைத்தார். செம்பட்டிச் சைக்கிள் கடையில் பிரேக் கம்பி வாங்கிவந்து மாட்டினார். நத்தம் பக்கம் ஒரு வீட்டில் கிடந்த பழைய கிதாரைத் தேடிப் போய் வாங்கி, அதன் மேல் இன்னும் தடித்த நரம்பைக் கட்டினார். இழுப்புத் தாங்காமல் கழுத்து முறிந்தது. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு வாசித்தார். துணி சிவந்தது. மே மாத வெயிலில் தர்காவில் போய் உட்கார்ந்து, என் காதை எடுத்துக்கொண்டு அவளுக்குக் கொடு என்று கேட்டார். ஜெய்தூன் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டாள். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

ஜூன் தொடக்கத்தில் திடீரென்று ஒரு மழை அடித்து, முற்றத்தில் கிடந்த மெத்தை நனைந்துபோனது. மறுநாள் காலை ஜெய்தூன் அதைக் கொடியில் காயப்போட்டாள். ஆரிபா வெறும் பலகையில் உட்கார்ந்து, கையை ஊன்றிக்கொண்டு, கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிதர் நம்பிக்கை இல்லாமல், பழக்கத்துக்குக் கொழும்புக் கிதாரைப் பெஞ்சில் ஊன்றித் தட்டினார்.

பிள்ளை திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

அவர் பதறி எழுந்தார். ஜெய்தூனைக் கூப்பிட்டுக்கொண்டே, கிதாரை மார்போடு தூக்கிப் பிடித்து, நின்றபடியே திரும்பத் திரும்பத் தட்டினார். ஆரிபா ஏற்கெனவே மறுபக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள். அந்தச் சின்ன முதுகு அசையவில்லை. அவர் மெல்லக் குனிந்து கிதாரின் அடியைப் பலகையில் வைத்துத் தட்டினார். திரும்பினாள். எடுத்துவிட்டுத் தட்டினார். திரும்பவில்லை.

கொடியில் சொட்டிக்கொண்டிருந்த மெத்தையைப் பார்த்தார். பலகையில் ஊன்றியிருந்த அந்தச் சின்னக் கைகளைப் பார்த்தார். மூன்று வருஷமாக அவள் கேட்கவே இல்லை. பலகை அதிர்ந்தது, தொட்டுப் பார்த்துத் திரும்பினாள், அவ்வளவுதான். அதையும் அவரே ஆசை ஆசையாக ஒரு மெத்தையைத் தைத்து மறைத்துவிட்டார். வாசலில் வந்து நின்ற ஜெய்தூன் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். உள்ளே போய்த் தகரப் பெட்டியை இறக்கித் துடைத்து, பிள்ளையின் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

மற்ற மதத்தார் பள்ளிக்கூடத்துக்கா என்று அப்துல் கையூம் கத்திப் பார்த்தார். இந்தத் தடவை கிதர் சரி மச்சான் என்று சொல்லவில்லை. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.

தெற்கே போகிற வண்டி வந்து நின்றது. செபாஸ்தியம்மாள் ஏறிச் சன்னலோரம் இடம் பிடித்தாள். ஜெய்தூன் மகளுக்கு முத்தம் கொடுத்துவிட்டு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பிள்ளைக்கு எதையும் சொல்லிப் புரியவைக்க முடியாது. எங்கே போகிறோம், ஏன் போகிறோம், எப்போது திரும்பி வருவோம், ஒன்றும் அவளுக்குத் தெரியாது. கிதர் அவளைத் தூக்கிக்கொண்டார். அழக் கூடாது, பயந்துவிடுவாள் என்று தொண்டையை இறுக்கிப் பிடித்தார். பிடித்தும் அது உள்ளுக்குள் விம்மிக் குமுறியது.

ஆரிபா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளங்கையை விரித்து, பலகையில் வைப்பதுபோலவே, அவர் நெஞ்சில் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தாள். பெஞ்சில் திரும்பிச் சிரிப்பாளே, அதே சிரிப்பு.

கிதர் தொண்டையை விட்டுவிட்டார். கார்டு கொடி காட்டும்வரை, பிளாட்பாரத்தில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்க்க, அடிவயிற்றிலிருந்து வாய்விட்டு அழுதார். பிள்ளை கையை எடுக்கவில்லை.