சூசை அண்ணனின் கறண்ட் தின்னாத பிறீசர்

சாவி போன கதை

மீற்றர் வாசிக்கிற வேலையில் என்னை நாய் துரத்தியிருக்கிறது, கழுதை உதைத்திருக்கிறது. மோட்டார் சைக்கிள் சாவியை ஒருவர் பறித்தெடுத்தது உப்புக்குளத்தில், ஜெசீமா ராத்தா வீட்டு வாசலில்தான். நான் றீடிங் எடுத்து, பில்லை நீட்டி, புறப்படத் திரும்பினேன். சாவி அவருடைய கைக்குள் இருந்தது.

"பில்லைப் பாருங்கோ தம்பி. இது என்ர வீட்டுப் பில்லோ, இல்லாட்டி ஆஸ்பத்திரிப் பில்லோ?"

பார்த்தேன். போன மாதமே கூடியிருந்தது. இந்த மாதம் அதையும் தாண்டி நின்றது. யூனிற் கூடக் கூட ஒரு யூனிற்றின் விலையும் படிப்படியாக ஏறும்.

ராத்தா கணவரை இழந்தவர்; அவர் மௌத்தாகிச் சில வருடங்கள். மோட்டார் பூட்டிய தையல் மெஷின் ஒன்றுதான் அவருக்கும் மகளுக்கும் சோறு போட்டது. நோன்பு தொடங்கியிருந்தது. பெருநாளுக்குத் தைக்கத் தந்த துணிகள் கதிரை, கட்டில், அலுமாரி என்று வீடு முழுக்க ஏறி உட்கார்ந்திருந்தன.

எங்கள் வேலையில் இப்படியான நேரத்துக்கு மனப்பாடமான பதில்கள் உண்டு. அவிழ்த்துவிட்டேன்.

"வெக்கை காலம் ராத்தா. ஃபான் கூட ஓடியிருக்கும்."

"ஃபான் ஓடினாக் காத்தெல்லோ வரவேணும். எனக்கு வேர்வைதானே வருது!"

"பிறிஜ் பழசாப் போனாலும் கறண்டை இழுக்கும்."

"என்னட்டப் பிறிஜ்ஜே இல்லை."

மனப்பாடம் அத்தோடு முடிந்தது. மூன்றையும் எட்டையும் மாற்றி வாசிக்கிற கண் என்னுடையது என்பதால், கண்ணாடியைத் துடைத்து மீற்றரைத் திரும்பவும் வாசித்தேன். இலக்கம் சரி. பில்லும் சரி. பிழையாக இருந்தது ராத்தாவின் முகம் மட்டும்தான்.

அப்போது பக்கத்து வீட்டிலிருந்து சூசை அண்ணன் வந்தார். கடல் தொழிலாளி. இரண்டும் ஒரே சுவரைப் பகிர்ந்த வீடுகள். இரண்டு மீற்றரும் அந்தச் சுவரின் வெளிப்பக்கத்தில், ஒரே பலகையில், அண்ணன் தம்பி போல இருக்கும்.

"கறண்டுக்கு ஏன் இப்பிடிப் பயப்பிடுறியள்?" என்றார். "மீன் விலை விழுற நாளில மீனை உறைய வைக்கலாம் எண்டு நானும் ஒரு டீப் பிறீசர் வாங்கி ஓட்டுறன். பில் நிண்ட இடத்தில நிக்குது. இது கறண்ட் தின்னாத சாமான் தம்பி. இந்த ஒழுங்கைக்குள்ள ரெண்டு பேர் என்னைப் பாத்து வாங்கீட்டினம்."

கறண்ட் தின்னாத பிறீசர் உலகத்தில் இல்லை என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மின்சாரக் கந்தோரில் தலை நரைத்த நான் என்ன செய்தேன் தெரியுமா? அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டேன். அன்றிரவு மனைவியிடமும் சொன்னேன்.

"ஆரோ"

ராத்தா சாவியைத் தரவில்லை. "பிழையைக் கண்டுபிடிச்சிட்டுப் போங்கோ" என்றார். சரி, பரீட்சை ஒன்று செய்வோம் என்று அவருடைய மெயின் சுவிச்சை நிறுத்தச் சொன்னேன். வீட்டுக்குள் எல்லாம் நின்றுவிட்டால் மீற்றரில் மினுங்குகிற சிவப்பு லைற்றும் நிற்க வேண்டும்.

ஃபான் நின்றது. மெஷின் நின்றது. சிவப்பு லைற் மினுங்கிக்கொண்டே இருந்தது.

நான் இடுப்பில் கையை வைத்தேன். ஒழுங்கையில், அந்த ஒடுங்கிய தெருவில், நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். பார்க்க ஆட்கள் இருந்தால் எனக்கு அறிவு கூடும், குரலும் கூடும்.

"ராத்தா, விஷயம் விளங்கீட்டுது. ஆரோ இடையில உங்கட கறண்டை இழுக்கினம்."

ராத்தாவின் வீட்டுக்கு ஒரு பக்கம் கழுதைகள் மேய்கிற வெறும் வளவு. மறுபக்கம் சூசை அண்ணன்.

"தம்பி," என்றார் சூசை அண்ணன் மெதுவாக, "ஆரோ எண்டா ஆர்? இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் கழுதையள். கழுதைக்கு வயர் இழுக்கத் தெரியுமோ?"

"நான் உங்களைச் சொல்லேல்லை அண்ணன்."

"அப்பக் கழுதையைச் சொன்னீரோ? வாரும். வந்து வீட்டைப் பாரும்."

போனேன். கட்டிலுக்கடியிலும், மாதா சுருவம் வைத்த தட்டுக்குப் பின்னாலும், கூரைக்குக் கீழேயும் தேடினேன். கிடைத்தது தும்மல் மட்டும். களவு வயர் ஒன்றும் இல்லை. திரும்பி வந்தபோது ராத்தா சாவியைத் தந்தார். அவர் ஏசியிருந்தால் நான் நிம்மதியாகப் போயிருப்பேன்.

ஒவ்வொரு நோன்புக்கும் ராத்தா வீட்டுக் கஞ்சி ஒரு சட்டியில் சுவருக்கு மேலால் சூசை வீட்டுக்குப் போகும். சட்டி திரும்பி வரும்போது வெறுமையாக வராது, நாலு மீனாவது கிடக்கும். அன்றோடு அது நின்றது, ராத்தா அவரை 'அண்ணன்' என்று கூப்பிடுவதும் நின்றது. சில நாள் கழித்து அந்த ஒழுங்கையால் போனேன். சூசை அண்ணனின் மனைவி றெஜினா அக்கா என்னை மறித்தார்.

"அவவின்ர சட்டி இஞ்சதான் கிடக்குது. திருப்பிக் குடுக்கப் போனா என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது? நாங்கள் கள்ளர் இல்லை எண்டோ?"

நான் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினேன். அந்த 'ஆரோ'வைச் சொன்ன வாய் என்னுடையதுதானே.

வெட்டப் போன இடம்

ராத்தா போன மாதப் பில்லையும் கட்டவில்லை, இதையும் கட்டவில்லை. "நான் பாவிக்காததுக்கு நான் கட்டமாட்டன்" என்று நின்றார். சிவப்பு நோட்டீஸ் போனது. எங்கள் கந்தோர்ப் பெரியவர் என்னைக் கூப்பிட்டார்.

"நீர் போய் அந்த லைனை வெட்டிப்போட்டு வாரும்."

"சேர், அவ தையல் மெஷினில சீவிக்கிறவ. பெருநாள் முடியுமட்டும் விட்டா…"

"இரக்கமாயிருந்தா உம்மட சம்பளத்தில கட்டுமன்."

என்னிடம் இரக்கம் இருந்தது. சம்பளத்தில்தான் மிச்சம் இல்லை. புறப்பட்டேன்.

ராத்தா மெஷினில் இருந்தார். ஒரு சின்னப் பிள்ளையின் பெருநாள் சட்டை. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வெட்ட வந்தனீங்களோ? வெட்டுங்கோ. நிக்கிற இடத்தில நிக்கட்டும். மிச்சத்தைக் கையால தைப்பன்."

அவ்வளவு சட்டையையும் பெருநாளுக்கு முன் கையால் தைக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். துணி தந்தவர்கள் திருப்பி வாங்கிக்கொண்டு போவார்கள். அடுத்த பெருநாளுக்கும் வரமாட்டார்கள்.

வெளியே வந்து, அவருடைய மீற்றருக்குக் கீழே இருந்த பியூஸை இழுத்தேன். சிவப்பு லைற் அணைந்தது.

உள்ளே மெஷின் 'டறடற' என்று ஓடிக்கொண்டிருந்தது.

பியூஸைப் பார்த்தேன். என் கையில்தான் இருந்தது. மெஷின் சட்டையின் கையை முடித்துக் கழுத்துக்குப் போய்விட்டது. காது பிழைத்துவிட்டதோ என்று விரலை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து சூசை அண்ணன் கத்தினார்.

"ஆரடா கறண்டை நிப்பாட்டினது? பிறீசருக்குள்ள இறால் கிடக்கெல்லோ!"

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். ராத்தாவும் சத்தம் கேட்டு வெளியே வந்தார். நான் இரண்டு பேருக்கும் நடுவில், கையும் பியூஸுமாக, களவு பிடிபட்டவன் போல நின்றேன்.

"ராத்தா… உங்கட வீட்டில கறண்ட் நிக்கேல்லையோ?"

"இல்லையே. ஃபானும் ஓடுது."

பியூஸைப் போட்டேன். சூசை வீட்டு வானொலி பாடியது. இழுத்தேன். நின்றது. பிறகு சூசை அண்ணனின் மீற்றருக்குரிய பியூஸை இழுத்தேன். ராத்தாவின் மெஷின் நின்றது. ஒரு தரம் போதும். ஆனாலும் நான் நாலு தரம் செய்தேன், நம்ப முடியாமல்.

சூசை அண்ணன் மதில் ஓரத்தில் குந்திவிட்டார்.

"அப்ப என்ர பிறீசர் ஓடினது…"

"என்ர பில்லில" என்றார் ராத்தா.

"என்ர பில் ஏறாமல் நிண்டது…"

"நான் ரெண்டு ஃபானையும் ஒரு மெஷினையும் வைச்சுச் சிக்கனமா இருந்ததால."

போன வருடம் அந்தச் சுவருக்குப் பூச்சுப் பூசியபோது வயர்க் குழாய்களைக் கழற்றித் திரும்பப் பூட்டியது றெஜினா அக்காவின் தம்பி. இரண்டு வீட்டு வயரையும் மீற்றர் மாறிக் கொளுவிவிட்டு, லீவு முடிந்து கட்டாருக்குப் போய்விட்டார். இரண்டு வீட்டிலும் ஒரே அளவு பாவிப்பு இருந்த வரையில் ஒருவருக்கும் தெரியவில்லை. பிறீசர் வந்துதான் காட்டிக்கொடுத்தது.

"அவன் கட்டாரில பெரிய பெரிய ஹோட்டலுக்கெல்லாம் வயர் இழுத்தவன்" என்றார் சூசை அண்ணன், நம்ப முடியாமல்.

"ஹோட்டலுக்குப் பக்கத்து வீடு இருந்திருக்காது அண்ணன்" என்றார் ராத்தா. 'அண்ணன்' என்ற சொல் திரும்பி வந்ததை நான் கவனித்தேன். சூசை அண்ணனும் கவனித்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

நான் பெரியவருக்குப் போன் அடித்துச் சொன்னேன். அவர் என்னை இரண்டு தரம் சொல்லவைத்தார். பிறகு, "வயர்மனை அனுப்புறன். அவவின்ர லைனை வெட்டாதையும்" என்றார். பின்னேரமே வயர்கள் தங்கள் தங்கள் வீட்டுக்குப் போயின. மற்றநாள் சூசை அண்ணன் கந்தோருக்கு வந்து, கூடின யூனிற்றைத் தன் கணக்கில் போடச் சொல்லிக் தவணை தவணையாகக் கட்ட ஒழுங்கு செய்துகொண்டார். எங்கள் கந்தோருக்கு ஒருவர் கூடின பில்லைக் கேட்டு வாங்க வந்த நாள் அது ஒன்றுதான்.

ஆனால் அன்று பின்னேரம் நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வயர்மன் வேலை முடித்து இறங்க, பாங்கு சொல்லக் கொஞ்ச நேரம் இருந்தது. சூசை அண்ணன் அந்தச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரோரம் வந்தார். சட்டி நிறைய ஐஸ்.

"சர்பத்துக்குப் போடுங்கோ தங்கச்சி. உங்கட கறண்டில உறைஞ்சதுதான். உங்களுக்குத்தான் சேரவேணும்."

ராத்தா சிரித்த சிரிப்பில் மகளும் வெளியே வந்துவிட்டாள்.

"நில்லுங்கோ அண்ணன், போயிடாதேங்கோ" என்று உள்ளே போனார். ஐஸைக் கொட்டிவிட்டு, சட்டி நிறையக் கஞ்சியோடு வந்தார். எனக்கும் ஒரு கோப்பை கிடைத்தது. கள்ளனைத் தேடினவனுக்கு அது கொஞ்சம் கூடுதல்தான்.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளே, பில் கூடிவிட்டது என்று ஒரு வீட்டில் சொன்னால், அந்த வீட்டு மெயின் சுவிச்சோடு நிற்காதீர்கள். பக்கத்து வீட்டிலும் கேட்டு நிறுத்திப் பாருங்கள். வயர் பிழைத்தால் பின்னேரத்துக்குள் மாற்றலாம். 'ஆரோ' என்று சொல்லுமுன் மட்டும் வாயைக் கொஞ்சம் பொத்திக்கொள்ளுங்கள். ஒழுங்கைக்குள் அந்தச் சொல்லுக்கு எப்போதும் ஒரு வீட்டு விலாசம் இருக்கும்.

இன்னொன்று. அன்று கஞ்சி குடித்த கையோடு மனைவிக்குப் போன் அடித்து, அந்தப் பிறீசருக்கு அட்வான்ஸ் கட்டவேண்டாம் என்றேன். "அது இப்பதான் வந்து இறங்கினது" என்றாள். இப்போது எங்கள் வீட்டில்தான் நிற்கிறது. நன்றாகத் தின்னுகிறது.