லாரிக்கு ஒன்று கூட்டு, காருக்கு ஒன்று கழி

பிளாக்ஜாக் என்ற கேசினோ சீட்டாட்டத்தில் சீட்டை எண்ணி ஜெயிப்பது மூளை வேலை என்பார்கள். செய்து பார்த்தவன் சொல்கிறேன், அது கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற வேலை. சீட்டு என்று வாயைத் திறந்தாலே வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்ளும் தோழர்களே, இது உங்களுக்குத்தான்.

கூட்டேரிப்பட்டில் பயிற்சி

மேஜையில் இறங்கும் சின்னச் சீட்டுக்கு ஒன்று கூட்ட வேண்டும், பெரிய சீட்டுக்கு ஒன்று கழிக்க வேண்டும், நடுவில் உள்ளதை விட்டுவிட வேண்டும். கணக்கு ஏறினால் சீட்டுக்கட்டில் பெரிய சீட்டுகள் மிச்சம் இருக்கின்றன, அவை நமக்குச் சாதகம் என்று அர்த்தம். அப்போது பந்தயத்தை ஏற்றலாம்.

இதை இரைச்சலில் பழக வேண்டுமே! எங்கள் கூட்டேரிப்பட்டு நெடுஞ்சாலை டீக்கடையில் உட்கார்ந்து லாரிக்கு ஒன்று கூட்டினேன், காருக்கு ஒன்று கழித்தேன், பஸ்ஸை விட்டுவிட்டேன். எதிரில் என் மனைவியின் தம்பி சேகர் ஓயாமல் பேசிக் குழப்புவான். ஒரு வாரத்தில் கணக்கு தப்பவே இல்லை. கடைக்காரர்தான் பொறுக்காமல் கேட்டார்: "இன்னா சார், ஒரு வாரமா குந்திக்கினு இருக்கீங்க, எந்த பஸ்ஸு வந்தாலும் ஏற மாட்றீங்க?"

மலர் போட்ட சட்டம்

ஆட்டத்துக்குப் போட்ட முதலீடு நான்கு லட்சம். பாதி, நான் பழைய வேனை விற்ற பணம். மீதி, காணையில் சேகர் கரும்பு வெட்டிப் போர்வெல் போட வைத்திருந்த பணம். அது போனால் அவன் நிலம் காய வேண்டியதுதான்.

வரிசையாக எத்தனை ஆட்டம் தோற்கும் என்று மட்டும் கேட்டாள் என் மனைவி மலர். கணக்கு நம் பக்கம் இருந்தாலும் பத்து தோற்கலாம் என்றேன். அப்படியென்றால் ஒரு ஆட்டத்துக்கு எட்டாயிரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. இந்தத் தொழிலை இவ்வளவு தெளிவாக எனக்கு வேறு யாரும் சொன்னதில்லை: "பத்தும் தோத்துட்டு வந்தாலும் என் தம்பி போர் போடணும், அவ்ளோதான்."

ஏறிய கணக்கு

கோவா கேசினோவில் மூன்றாம் நாள் மத்தியானம் கணக்கு கிடுகிடுவென்று ஏறியது. பக்கத்தில் இருந்த சேகர் தொடையைக் கிள்ளினான். "மொத்தத்தையும் வையி மாமா!" எனக்கும் ஆசைதான், பொய் சொல்ல மாட்டேன். எட்டாயிரம் வைத்தேன். எனக்கு இருபது வந்தது, சீட்டுப் போடும் டீலருக்கு இந்த ஆட்டத்தின் உச்சமான இருபத்தொன்று.

தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றோம். ஒவ்வொன்றுக்கும் அதே எட்டாயிரம்தான். பிறகு காற்று திரும்பியது, சாயங்காலத்துக்குள் விட்டதையும் எடுத்து மேலேயும் எடுத்தோம். அன்று என்னை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. சேகர் வெளியே வந்து மூச்சு விட்டான்: "மொத்தத்தையும் வச்சிருந்தா அக்கா நம்மள ஊருக்குள்ளயே விட்டிருக்காது மாமா."

கோட்டுப் போட்டவர்

நான்காம் நாள், இரண்டு நாளாக என் பின்னால் நின்ற கோட்டுப் போட்ட சூப்பர்வைசர் காதருகே குனிந்தார். எழுபதாயிரம் லாபத்தில் இருந்தோம். இந்தியிலோ இங்கிலீஷிலோ பேசுவார் என்று பார்த்தால் நம் ஊர்த் தமிழ்! டீக்கடைப் பழக்கம் வாயை விட்டுப் போகாமல் நான் முணுமுணுத்துக்கொண்டே ஆடியிருக்கிறேன்.

"அண்ணே, எனக்குக் கிளியனூரு. ரெண்டு நாளா லாரி, காருன்னு எண்ணிக்கினு இருக்கீங்க. வேற எந்த ஆட்டம் வேணா ஆடுங்க, இந்த டேபிளு மட்டும் வேணாம்."

ஒரு கேசினோவே என்னைப் பார்த்துப் பயந்தது என்று நெஞ்சை நிமிர்த்தி எழுந்து வந்தேன். காணையில் போர்வெல் போட்டாயிற்று, தண்ணீரும் வந்துவிட்டது. நான்கு லட்சத்தைப் பைசா குறையாமல் காத்த எனக்கு, இரண்டு உதட்டைக் காக்கத் தெரியவில்லை என்பதுதான் என் தொழில் வரலாறு.