முரியல் அக்காவின் மெழுகுத் துணி

என் அக்கா முரியல் வாய்க்காரி. கங்காரு வாலைச் சாம்பலில் புதைத்தால், அது வேகும் நேரத்துக்குள் ஊரில் எல்லோரையும் ஒரு சுற்று திட்டி முடித்துவிடுவாள். மெழுகுக் குழாயைக் கையில் எடுத்தால் மட்டும் பேச்சு நின்றுபோகும். உருகிய மெழுகால் துணியில் வரைந்து சாயம் தோய்க்கும் அந்த வேலையை எங்கள் பழங்குடிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தவள் ஜாவாக்காரி சுமினார்.

"உன் ஊர்ப் பூவெல்லாம் எனக்கு எதுக்குடி? எங்க மண்ணுல தேனெறும்புதான் இருக்கு" என்று அக்கா அவளைச் சீண்டுவாள். கடைசியில் ஜாவாப் பூக்களுக்கு நடுவே தேனெறும்புப் பாதைகள் ஓடும் ஆறு மீட்டர் துணி ஒன்று உருவானது. அதில் பாதி அக்காவின் மகள் வரைந்தது.

மகளுக்கு என் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். "சின்னம்மா, பேரை ரொம்பத் தேச்சுடாதீங்க, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வேணும்" என்பாள். இருபத்தாறு வயதில், வண்டி கவிழ்ந்து போய்விட்டாள். அன்றிலிருந்து, இறந்தவர் பெயர் என்பதால், அந்தப் பெயரை யாரும் சொல்லக் கூடாது. எனக்கும் அது இல்லாமல் போயிற்று. பெயர் இழந்தவர்களைக் கூப்பிடும் வழக்கப்படி என்னைக் குன்மனரா என்று கூப்பிட்டார்கள். இங்கேயும் நான் அந்தப் பெயரை எழுதப் போவதில்லை.

ஆலிஸ் ஊரில் எங்கள் துணிகளின் கண்காட்சிக்கு நாள் முன்பே குறித்தாயிற்று. இறந்தவளின் வேலையை எப்படி மாட்டுவது என்று அண்ணன் ஹெக்டர் மறுத்தார். யாரிடமும் கெஞ்சாத அக்கா அவரிடம் கெஞ்சினாள்.

"ஒரே ஒரு சாயங்காலம், அண்ணே. அவ கைவேலைய ஜனங்க ஒரு தடவை பாக்கட்டும்."

"பேரு, படம் எதுவும் இருக்கக் கூடாது. யார் வாயிலயாவது பேரு வந்துச்சு, துணிய இறக்கிடுவேன்."

பெயர்ச் சீட்டுகளைக் கிழித்தது நான்தான். ஜாவாவுக்குப் போன் போட்டு, "பொண்ணு பேரை வாயில எடுத்துடாத" என்று சுமினாரிடம் சொன்னதும் நான்தான். என் பெயரும் கூடவே போய்விட்டதைச் சொல்லவில்லை. எங்களுக்குப் பழகிப்போன விஷயம். இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவே இல்லை.

கண்காட்சி அன்று சாயங்காலம் சுமினார் விமான நிலையத்திலிருந்து நேரே வந்தாள். வாசலில் நின்றபடியே கூட்டத்துக்கு நடுவில் என்னைக் கண்டு, அழுகையோடு, வாய்நிறைய என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

துணிக்கு முன்னால் நின்றிருந்த அக்கா சட்டென்று வாசல் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தில் இருந்தது சந்தோஷம். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெம்பில்லை. வாசலில் சுமினாரைப் பார்த்த பிறகு அது போய்விட்டது.

அண்ணன் ஏணியில் ஏறித் துணியை இறக்கினார். அக்காவே ஒரு முனையைப் பிடித்துச் சுருட்டினாள். "நான் என்ன பண்ணிட்டேன், சொல்லேன்" என்று சுமினார் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டபடி இருந்தாள். தப்பு என்னுடையது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

வண்டியில் ஊருக்குத் திரும்பும்போது சுருட்டிய துணி எங்கள் இருவர் மடியிலும் கிடந்தது.

"அக்கா, என்னைத் திட்டிடு."

அவள் துணிச் சுருளின் முனையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"சுமினார் கூப்பிட்டப்ப நீ என்னன்னு குரல் குடுக்கலைல்ல?"

"இல்லக்கா. வாய் வரல."

"நல்லதாப் போச்சு. நீ குரல் குடுத்திருந்தா உன்னைத்தான் கூப்பிடுறான்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும். திரும்பிப் பாக்குற வரைக்கும் எம்பொண்ணு வந்துட்டான்னுதான் இருந்துச்சு."