ரகசியத்தைக் கத்திச் சொன்னவர்

ஆட்டோ அந்தத் தெருவுக்குள் திரும்பியதும் ஜாபேஸ் மைக்கை அணைத்துவிடுவார். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கோயில் கொடை, மின்தடை எதுவானாலும் அந்தத் தெருவுக்கு மட்டும் அறிவிப்பு கிடையாது. மூன்றாவது வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவருக்குக் கையை மட்டும் ஆட்டுவார். பெரியவர் பதிலுக்கு, தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில், "சாப்ட்டியாலே?" என்பார். அவர் சுவாமிதாஸ், ஜாபேஸின் கூடப் பிறந்த அண்ணன்.

"அண்ணனுக்குத்தான் காது கேட்காதே, பிறகு எதற்கு அணைக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"கேக்காதுன்னுதேன் அமத்துறேன். அவுகளுக்குக் கேக்காதுங்கிற தைரியத்துல ஒருக்கா வாயத் தொறந்தேன். அது போதும்."

அருப்புக்கோட்டையில் மற்ற விளம்பர ஆட்டோக்கள் எல்லாம் பதிவு செய்த குரலைப் போட்டுவிட்டுச் சுற்றுகின்றன. ஜாபேஸுக்கு அது பிடிக்காது. பந்தல்குடி வரை போனாலும் நேரடியாகத்தான் பேசுவார். கன்னத்தில் எப்போதும் ஒரு பனங்கற்கண்டு ஒதுங்கியிருக்கும். மைக்கை ஊதிப் பார்ப்பவர்களைக் கண்டால் ஆகாது. சுண்டு விரல் நகத்தால் மெல்லத் தட்டித்தான் சோதிப்பார். "துட்டிச் சேதின்னா வயித்துலருந்து பேசணும், தள்ளுபடின்னா மூக்குலருந்து பேசணும். மாத்திப் பேசிட்டம்னா செத்த வீட்டுக்காரன் அடிக்க வருவான்" என்பார். ஆள் ஒல்லி. இந்தக் குரலை எங்கே வைத்திருக்கிறார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இளவயதில் அவர் சென்னையில் டப்பிங் பேசியவர். விண்கலத்தில் ஊர் ஊராக, இல்லை, கிரகம் கிரகமாகச் சுற்றும் ஒரு வெளிநாட்டுத் தொடர் ஞாயிறுதோறும் தமிழில் வந்தது. அதில் நான்கு கை மந்திரி, பேசும் கதவு, பச்சைத் தலையன் எல்லோருக்கும் இவர்தான் குரல். ஒரு வாரம் மட்டும் அந்தத் தொடர், துப்பறியும் படங்களைக் கிண்டல் செய்து ஒரு கதை எடுத்திருந்தது. கறுப்புக் கண்ணாடியும் கோட்டும் போட்ட ஓர் உளவாளி, பார்க்கிறவர் காதில் எல்லாம் ரகசியம் சொல்லிக்கொண்டே திரிவான். மூலத்தில் அவன் கிசுகிசுப்பான். சிரிப்பு பத்தவில்லை, வேறு மாதிரி பேசு என்றார்கள் டப்பிங் எடுத்தவர்கள். ஜாபேஸ் அவனைக் கத்த விட்டார். குனிந்து, வாயைக் கையால் மறைத்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, உளவாளி ஊருக்கே கேட்கிற மாதிரி முழங்குவான்: "ரகசியம்ப்பா. ஒருத்தருட்டயும் சொல்லிப்புடாத."

அது சுவாமிதாஸின் குரல். விசைத்தறிக் கூடத்திலேயே காலத்தைக் கழித்து, அந்த இரைச்சலில் காது போனவர் அவர். தான் பேசுவதே தனக்குக் கேட்காததால், எதையும் கத்தித்தான் சொல்லுவார். தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதை வாயைப் பொத்திக்கொண்டு தம்பியிடம் சொல்லி, தெரு முழுக்க ஒலிபரப்பியவர். தம்பி சென்னையில் வாய்ப்புத் தேடி அலைந்த காலத்தில் இரவு ஷிப்டும் சேர்த்துத் தறி ஓட்டி அவரைத் தாங்கியதும் அவர்தான். மிச்சமிருந்த காதும் அப்போது போனதுதான்.

அந்தக் கதை ஒளிபரப்பான ஞாயிறு ஜாபேஸ் ஊருக்கு வந்திருந்தார். அக்கம்பக்கம் எல்லாம் டிவி முன்னால் கூடிவிட்டது. உளவாளி வாயைத் திறந்ததும் வீடே அதிர்ந்தது. யாருடைய குரல் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெரியாதவர் ஒருவர்தான்.

"அண்ணன் முன்வரிசையில ஒக்காந்து, எல்லாரும் சிரிக்கிறதப் பாத்து எல்லாரையும் விட ஜாஸ்தியாச் சிரிச்சாக. 'எந்தம்பி பேசுறான், எந்தம்பி பேசுறான்'னு முதுகுல தட்டுனாக. நாக்கப் புடுங்கிக்கிட்டுச் சாகலாம்னு இருந்துச்சு." சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

சென்னை கசந்து ஊர் திரும்பிய பிறகு அதை மறந்திருப்பார். யாரோ புண்ணியவான் அந்தக் காட்சியை இணையத்தில் ஏற்றிவிட்டான். இப்போது டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், "ஜாபேஸண்ணே, அந்த ஒளவாளி மாதிரி ஒருக்கா" என்கிறார்கள். அவர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். சொல்லப்போனால் அவரைத் தேடி நான் வந்ததும் அதைப் பார்த்துத்தான்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து கோவிலிலிருந்து வந்ததும் அவரை அண்ணன் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். சுவாமிதாஸின் மகள் ரெஜினா மதுரையிலிருந்து அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கி வந்திருந்தாள். மாட்டியதும் பெரியவர் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார், பிறகு அடுக்களையில் விழுந்த கரண்டியை எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. அடுத்து அவர் கேட்டது இதுதான்: "ஏலே, ஒன் படத்தப் போடுறா. நாங் கேக்கவே இல்லையே."

"அது எதுக்குண்ணே, பழசு" என்றார் ஜாபேஸ். குரல் வயிற்றிலிருந்தும் வரவில்லை, மூக்கிலிருந்தும் வரவில்லை.

"சும்மா இருங்க சித்தப்பா, அப்பா எம்புட்டு நாளாக் கேக்குறாக" என்று ரெஜினா டிவியில் போட்டுவிட்டாள். அந்தக் குரலின் கதை அவளுக்குத் தெரியாது. ஜாபேஸ் வாசற்படியருகே நின்றுகொண்டார், செருப்பில் ஒரு காலை நுழைத்தபடி.

உளவாளி குனிந்தான், வாயை மறைத்தான், கத்தினான். சுவாமிதாஸ் விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டாம் முறையும் சிரித்தார். பிறகு மகள் பக்கம் திரும்பி, வழக்கமான சத்தத்தில் கேட்டார்: "இவன் யாரு மாதிரிம்மா பேசுறான்?"

கேட்ட கேள்வி மெஷின் வழியாக அவருக்கே போய்ச் சேர்ந்தது. அதே நேரம் டிவியில் உளவாளி மறுபடி முழங்கினான். பெரியவரின் சிரிப்பு அப்படியே நின்றது. ரெஜினாவுக்கும் புரிந்திருக்க வேண்டும், ரிமோட்டை எடுத்தாள். அவர் கையை நீட்டித் தடுத்தார். கடைசி வரை அசையாமல் பார்த்தார். எனக்கு அங்கே ஏன் வந்தோம் என்று இருந்தது.

காட்சி முடிந்தது. ஜாபேஸ் செருப்பை விட்டுவிட்டு வந்து அண்ணன் காலடியில் உட்கார்ந்து, "அண்ணே" என்றார். சுவாமிதாஸ் தெருப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினார். பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்கே காதைத் தீட்டினால்தான் கேட்டது.

"இம்புட்டு நாளும் இப்படியாலே பேசுனேன்? தெருவுல ஒருத்தரும் சொல்லலையே."

கீழே இருந்த ஜாபேஸுக்கு எதுவும் கேட்கவில்லை. உள்ளங்கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அண்ணன் முகத்தருகே சாய்ந்தார்.