வீட்டுக்குப் போகும் செலவு

ஆனி மாதம், பிற்பகல் மூன்று மணி. மேல்காற்று திண்டுக்கல் தெருப் புழுதியையெல்லாம் அள்ளி வந்து எங்கள் மேசைமேல் கொட்டும் வேளை. வருமானத்தைப் பற்றிக் கேட்டால் மென்று விழுங்குபவர்கள், செலவைப் பற்றிக் கேட்டால் தாராளமாகப் பேசும் இடம் ஆடிட்டர் அலுவலகம். வரி கட்டி அல்லல்படும் வாசகர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். அறுபதுகளின் தொடக்கத்தில் அப்படியோர் அலுவலகத்தில் நான் உதவியாளர். அங்கே பணிபுரிந்த ஒரே பெண்ணும் நான்தான்.

கொட்டகை வாடகை

கேப்டன் இப்ராகிம் பயணிகள் விமானம் ஓட்டுபவர், வீடு பேகம்பூரில். விமானம் மதுரையில் இரவு தங்கும் நாட்களில் கம்பெனியே அவருக்கு அங்கு அறை கொடுத்தது. அவரோ விமான நிலையத்துக்கு அருகில் ஒரு மாட்டுக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, அதில் தம் காரை நிறுத்தி வைத்திருந்தார். இறங்கியதும் காரை எடுத்துக்கொண்டு திண்டுக்கல் வந்துவிட்டு, விடிவதற்குள் திரும்பிவிடுவார். கொட்டகை வாடகையையும் பெட்ரோலையும் வருமானத்தில் கழிக்க வேண்டும் என்று கேட்டார்.

வேலைக்காகச் சொந்த வாகனம் வைத்திருப்பவருக்கு வரிக் கழிவு உண்டு, வீட்டுக்குப் போய்வருவதற்கு இல்லை என்று விளக்கினேன். மதுரைக்கு வருவது அவருடைய வேலை, திண்டுக்கல்லுக்கு வருவது அவருடைய விருப்பம் என்றும் சொன்னேன். அவர் சிரித்தார்.

“அம்புட்டு தூரம் பறக்குறது வேலை, இம்புட்டு தூரம் வாரது விருப்பமா? நல்லாருக்கும்மா உங்க சட்டம்.”

வாடகை பெறுபவை

அவர் மறந்துவிட்டுப் போன வாடகைச் சீட்டுகளை மறுவாரம் அவருடைய மனைவி ஹலிமா கொண்டுவந்தார். வத்தலக்குண்டில் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவரின் தங்கை; குழந்தை இல்லை. செத்த நேரம் உட்காரலாமா என்று கேட்டு, அலுவலகம் மூடும்வரை உட்கார்ந்திருந்தார். பேச ஆள் கிடைப்பது எவ்வளவு அரிது என்பது எனக்கும் தெரியுமாதலால் நான் அவசரப்படுத்தவில்லை.

கழிவு கிடைத்தால் வாரம் இருமுறை வருவதாகவும், கிடைக்காவிட்டால் கட்டுப்படியாகாது, ஒருமுறைதான் என்றும் கணவர் சொல்லிவிட்டாராம். மழை பிடித்தால் அந்த ஒருமுறையும் இல்லை. ஆக்கிய சோற்றில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுத்த நாட்களைப் பற்றி, பிறர் கதையைச் சொல்வதுபோல் சொன்னார். எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னது இது:

“கார் கொட்டகையில நிக்குது, நான் வீட்ல நிக்கிறேன். காருக்காச்சும் மாசம் பொறந்தா வாடகை குடுத்துர்றாருக்கா.”

அதிகாரியின் கேள்வி

நான் வேண்டாம் என்று சொல்லியும், கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை என்று ஆடிட்டர் கழிவு கோரினார். வரி அதிகாரி விசாரணைக்கு அழைத்தார். இளைஞர், மரியாதை தெரிந்தவர். காகிதக் கட்டுடன் நான் ஓரத்தில் அமர்ந்திருந்தேன்.

“திண்டுக்கல்ல உங்க கம்பெனிக்கு என்ன வேலை?” என்றார் அதிகாரி.

“ஒண்ணும் இல்லங்க.”

“அப்பறம் எதுக்குப் போறீங்க?”

“சம்சாரம் வீட்ல தனியா இருக்கும்.”

ஆடிட்டர் மேற்கூரையைப் பார்த்தார். அதிகாரி பேனாவை மூடினார்.

“நல்ல காரணம்தான் கேப்டன், ஆனா கழிவுக்கு ஆகாது. என் குடும்பமும் தஞ்சாவூர்ல இருக்கு, நான் இங்க மூணு வேளையும் ஓட்டல்லதான் சாப்பிடுறேன்.”

சட்டம் ஏற்ற ஆண்டு

சொன்னபடியே வருகை வாரம் ஒன்றானது. மழைக்காலத்தில் அதுவும் குறைந்தது. பொங்கல் கழிந்ததும் அண்ணன் வந்து ஹலிமாவை வத்தலக்குண்டுக்கு அழைத்துப் போனார். பேகம்பூர் வீடு பூட்டப்பட்டது. போக இடமில்லாத கேப்டன், மதுரையில் தங்கும் நாட்களில் கம்பெனியின் நகர அலுவலகத்தையும் மேற்பார்க்க ஒப்புக்கொண்டார். கார் விமான நிலையத்துக்கும் அந்த அலுவலகத்துக்கும் இடையே மட்டும் ஓடியது.

அடுத்த ஆனியில் அவருடைய கணக்கைச் சரிபார்த்தேன். பொங்கலுக்குப் பிறகான ஓட்டம் முழுவதும் கம்பெனி வேலை. இம்முறை அந்த மாதங்களுக்குக் கழிவு கிடைக்கும், கொட்டகை வாடகைக்கும் சேர்த்தே என்றேன். நல்ல செய்தி சொல்லும் வாய்ப்பு எங்கள் தொழிலில் குறைவு. ஆகவே சற்றுப் பெருமையாகவே சொன்னேன்.

அவர் தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு, என் பக்கம் திரும்பாமலே, மெல்லச் சொன்னார்.

“இத ஹலிமாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்கம்மா.”

தை மாதத்தில் வரி அலுவலகம் அதிகமாகப் பிடித்ததைத் திருப்பிக் கொடுத்தது, மாசியில் அவர் எங்கள் கட்டணத்தைச் செலுத்தினார், பங்குனியில் மிச்சப் பணத்துக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வத்தலக்குண்டுக்குப் புறப்பட்டார். அந்தப் பயணச் செலவை மட்டும் சட்டப்படி நான் கணக்கில் சேர்க்கவில்லை.