ஐம்பத்தைந்து பவுண்டு

மலாக்காவில் சைக்கிள் வைத்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பது சுப்பையனின் முடிவு. மிச்சமிருந்த கால்வாசிப் பேருக்கு ஓட்டத் தெரியும், காற்றடிக்கத் தெரியாது. ஜாலான் பெண்டஹாரா என்ற கடைத்தெருவில் துணிக்கடைச் சிப்பந்திகள் ரிம் தரையைத் தொடும்வரை காற்றில்லாமல் ஓட்டிப் போவதைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும். காற்றைக் கல்லுபோல அடித்துவிட்டு, டயரை விரலால் சுண்டி அது எழுப்பும் சத்தத்தில் மகிழ்ந்து நிற்பவர்களைப் பார்த்தால் சிரிப்பு வராது. முன்னவர்கள் சோம்பேறிகள், அவ்வளவுதான். பின்னவர்கள் தங்களைக் கெட்டிக்காரர்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

சுப்பையன் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தவர். பட்டணத்துக்குள் வரும் தந்திகளைவிடத் ரப்பர்த் தோட்டங்களுக்கு வருபவையே அவருக்கு அதிகம் வாய்க்கும். தார் போட்ட சாலை முடிந்து செம்மண்ணும் சரளையும் தொடங்கும் இடத்தில்தான் அவருடைய வேலை தொடங்கும் என்று சொல்லலாம்.

ஜப்பான்காரன் போன மறு வருஷம் அவர் இந்த வேலையில் சேர்ந்தார். மூத்த தந்திக்காரர் ஒருவர், காற்று எவ்வளவு இறுக்கமோ வண்டி அவ்வளவு வேகம் என்று சொல்லிக்கொடுத்தார். சுப்பையனும் கைவலிக்க அடித்துக்கொண்டு போவார். ஒருநாள் உச்சி வெயிலில், தோட்டத்துச் சாலையில் ஒரு கூர்க்கல் மேல் ஏறியபோது பின் டயர் வெடித்து வாய் பிளந்தது. ஆறு மைல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். பால்மரம் வெட்டும் பாக்கியம் என்ற பெண்ணுக்கு வந்த தந்தி அது. அவளுடைய அண்ணன் ஆஸ்பத்திரியில் மோசமாக இருப்பதாகச் செய்தி. சுப்பையன் போய்ச் சேர்ந்தபோது பட்டணத்துக்குப் போகும் கடைசிப் பஸ் போய்விட்டது. மறுநாள் காலையில் அவள் போனபோது அண்ணன் இல்லை.

அந்தப் பெண் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேர்த்து நின்றவரைப் பார்த்து, தண்ணீர் வேண்டுமா என்றுதான் கேட்டாள். அது அவரை இன்னும் சுட்டது. அன்றிலிருந்து மூத்தவர்கள் சொன்ன எதையும் அவர் சோதித்துப் பார்க்காமல் நம்பியதில்லை. அந்த மூத்த தந்திக்காரர் ஓய்வு பெற்ற நாளில் மாலை போடக்கூடப் போகவில்லை.

பிறகு அவர் செய்த காரியம் ஊரில் யாரும் செய்யாதது. காஜா பெராங்கில் அவர் குடியிருந்த வீட்டுக்கு நாலு வீடு தள்ளி நடராஜனின் சைக்கிள் கடை. நடராஜன் மலாக்காச் செட்டி. பெயரும் சாமியும் தமிழ், பேச்சு மலாய். அந்தக் கடையில் தரையில் நிறுத்தி அடிக்கும் பம்பில், வெறும் டயரிலிருந்து எத்தனை அடி அடிக்கிறோம் என்று சுப்பையன் எண்ணத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே இரண்டு மைல் சரளைச் சாலையில் நூறு அடிக் காற்றோடு ஒரு தடவை, தொண்ணூறோடு ஒரு தடவை, எண்பதோடு ஒரு தடவை என்று ஓட்டிப் பார்த்தார். இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் எகிறியது; எகிறும்போது சக்கரம் சும்மா சுற்றியது; மிதித்த மிதியெல்லாம் வீணாயிற்று. காற்றைக் குறைக்கக் குறைக்க டயர் கல்லை விழுங்கிக்கொண்டு போயிற்று. மிகவும் குறைத்தால் ரிம் கல்லில் இடித்து, நடுவில் மாட்டிய டியூபில் பல் பதிந்தாற்போல இரண்டு ஓட்டை விழுந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருந்தது. அவருடைய எடைக்கும் அவருடைய டயருக்கும் அது பின்னால் அறுபத்தேழு அடி, முன்னால் ஐம்பத்தெட்டு. மழை பெய்தால் இன்னும் நாலைந்து குறைவு. கடைசியில் பம்பும் வேண்டியிருக்கவில்லை. பெருவிரலால் அழுத்தினாலே தெரிந்தது.

இதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லத் தகுதியான ஆள் ஒருவரும் இல்லை என்று நினைத்தார். மனைவி ருக்மணியிடம் மட்டும், சாப்பிடும்போது, அன்று வழியில் பார்த்த முட்டாள்களின் கணக்கை ஒப்பிப்பார். அவள் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொள்வாள்.

ஐம்பத்தேழாம் வருஷம் மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்தது. கொண்டாட்டத்தோடு கொண்டாட்டமாக, செப்டம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில் முப்பது மைல் சைக்கிள் பந்தயம் நடத்துவதாக உள்ளூர்ச் சங்கம் ஒன்று அறிவித்தது. பட்டணத்து மைதானமான பாடாங்கில் புறப்பட்டு, தெங்கேரா வழியாகக் கடலோரமாகவே பத்து மைல் தார்ச்சாலை. அங்கிருந்து வலப்பக்கம் திரும்பி, ரப்பர்த் தோட்டங்களுக்குள் பதினோரு மைல் செம்மண்ணும் சரளையும். பிறகு மறுபடி தார் ஏறி, செங் வழியாகக் காஜா பெராங்கைத் தாண்டி ஒன்பது மைலில் பாடாங். சுப்பையன் பெயர் கொடுத்தார். அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது.

சங்கத்தின் செயலாளர் கலியாணசுந்தரம், ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆட்டுக்கொம்புபோல வளைந்த கைப்பிடி வைத்த சீமைச் சைக்கிள் வைத்திருந்தவர் ஊரில் அவர் ஒருவர்தான். சைக்கிள் பந்தயத்தைப் பற்றி இங்கிலீஷில் ஒரு புத்தகமும், டயர் அழுத்தத்தை அளக்கப் பேனாவைப்போல ஒரு கருவியும் வைத்திருந்தார். அந்தக் கருவியைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு கோயிலுக்குக்கூடப் போனார். தொண்ணூறு பவுண்டு என்று புத்தகம் சொன்னது. தொண்ணூறு பவுண்டு அடிக்கச் சொல்லிச் சங்கத்துப் பையன்மாருக்கெல்லாம் உத்தரவு போட்டார்.

பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு அவர் நடராஜன் கடைக்கு வந்தபோது சுப்பையன் அங்கே சக்கரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கலியாணசுந்தரம் குனிந்து அவருடைய டயரை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார்.

"என்னப்பா சுப்பையா, இது டயரா, ஆப்பமா? பாதி வழியில தந்தி அடிக்கணுமா உனக்கு?" என்றார்.

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சுப்பையன் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அந்தப் புத்தகத்தை எழுதிய வெள்ளைக்காரன் எந்தச் சாலையில் ஓட்டினான் என்று இந்த மனுஷன் ஒருநாளாவது யோசித்திருப்பானா என்று மட்டும் நினைத்தார். அவர்கள் போனபின் நடராஜன் வாயிலிருந்த வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, "அங்ஙின் கெராஸ், கெப்பாலா புன் கெராஸ்" என்றார். காற்றும் இறுக்கம், மண்டையும் இறுக்கம். சுப்பையனுக்கு ஊரில் பிடித்த மனிதர் என்று யாராவது இருந்தால் அது நடராஜன்தான். அவரும் சாக்கடைப் பக்கமாகவே வெற்றிலையைத் துப்பப் பழகவில்லை என்ற குறை இருந்தது.

அந்த இரண்டு நாளும் சுப்பையன் டயரைப் பற்றி யோசிக்கவே இல்லை. அது முடிந்துபோன விஷயம். சரளைச் சாலையில் பஞ்சராகி நிற்கப்போகும் கலியாணசுந்தரத்தைக் கடந்து போகும்போது என்ன சொல்வது என்றுதான் யோசித்தார். ஒரு வாக்கியத்தைச் செதுக்கிச் செதுக்கி வைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை நாற்பத்தொரு பேர் புறப்பட்டார்கள். தார்ச்சாலையில் சுப்பையன் எதிர்பார்த்தபடியே பின்தங்கினார். சீமைச் சைக்கிளும் அதன் பின்னால் சங்கத்துப் பையன்மாரும் கடலோரமாகப் பறந்து கண்ணுக்கு மறைந்தார்கள். தெங்கேராவில் வாசலில் நின்றவர்கள், தந்திக்காரரே, அவசரமா என்று கேலி பேசினார்கள். அவர் மூச்சை எண்ணிக்கொண்டு மிதித்தார். பத்தாவது மைலில் அவருக்கு முன்னால் முப்பது பேர் இருந்தார்கள்.

சரளை தொடங்கியதும் காட்சி மாறியது. முதல் ஆள், கால் மைலிலேயே, கைப்பிடி உதறியதில் பிடி தளர்ந்து சாலையோரப் புல்லில் உட்கார்ந்திருந்தான். அடுத்து இரண்டு பேர் டியூபைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஓட்டிக்கொண்டிருந்தவர்களும் சல்லடையில் போட்ட பட்டாணியாகத் துள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவனுடைய தண்ணீர்ப் புட்டி விழுந்தது, இன்னொருவனுடைய பல் மோதும் சத்தம் கேட்டது. சுப்பையனின் டயர்கள் முணுமுணுத்துக்கொண்டு போயின. ஒவ்வொருவராகத் தாண்டினார். ஒவ்வொருவரையும் தாண்டும்போது முகத்தைப் பார்த்தார். அந்த முகங்களைப் பார்க்கவே பதினோரு வருஷம் காத்திருந்ததுபோல இருந்தது.

பதினாறாவது மைலுக்கு வந்தபோது அவருக்கு முன்னால் மூன்றே பேர். அங்கே, ரப்பர் மரநிழலில், சீமைச் சைக்கிள் தலைகீழாக நிறுத்தப்பட்டிருந்தது. கலியாணசுந்தரம் மண்டியிட்டு டயரைப் பிரித்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை முழுக்கச் செம்மண்.

சுப்பையன் மிதிப்பதை நிறுத்தி, சைக்கிளை அதன் போக்கில் உருளவிட்டார். "என்ன கிராணியாரே, புஸ்தகத்துல இந்த ரோட்டப் பத்தி எழுதலையா?" என்று கேட்டார்.

கலியாணசுந்தரம் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தை முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்று சுப்பையன் கழுத்தைத் திருப்பினார். சாலையின் குறுக்கே ஓடிய கால்வாய்ப் பாலத்தின் கல்விளிம்பு அவருக்குத் தெரியாததல்ல. நூறு தடவை அதைக் கடந்திருக்கிறார். நூறு தடவையும் உட்காருமிடத்திலிருந்து எழும்பிச் சக்கரத்துக்குப் பாரம் கொடுக்காமல் கடந்திருக்கிறார். இந்தத் தடவை மூட்டை மாதிரி உட்கார்ந்தபடியே இடித்தார். சட்டத்தில் செருகியிருந்த பம்பு தெறித்துப்போய்ப் பாலத்துச் சுவரில் மோதி வளைந்தது. பின் டயர் சீறியது. இறங்கிப் பார்த்தார். டியூபில், பல் பதிந்தாற்போல, இரண்டு ஓட்டை.

இருபது கஜ இடைவெளியில் இருவரும் அவரவர் சக்கரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். சுப்பையன் தாண்டி வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து இருவரையும் தாண்டிப் போனார்கள். சுப்பையனிடம் ஒட்டும் பசை இருந்தது, பம்பு இல்லை. கலியாணசுந்தரத்திடம் பம்பு இருந்தது, சீமையிலிருந்து வந்த பசைக்குழாய் காய்ந்து கட்டியாகிவிட்டிருந்தது. இது இருவருக்கும் தெரிந்துவிட்டது. இருந்தும் இரண்டு மூன்று நிமிஷம் அவரவர் டயரையே நோண்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கலியாணசுந்தரம் பம்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தார்.

பசை கைமாறியது. ஒட்டு ஒட்டி முடித்ததும் கலியாணசுந்தரம் தம் டயருக்குப் பழைய வெறியோடு பம்பை அழுத்தத் தொடங்கினார். பத்து நிமிஷத்தில் இந்த ஆள் மறுபடியும் பஞ்சராகிப் பசைக்கு வந்து நிற்பான் என்ற எரிச்சலில் சுப்பையன் பம்பைப் பிடுங்கினார். டயரைப் பெருவிரலால் அழுத்தி, காற்றைச் சற்று இறக்கி, மறுபடி அழுத்திப் பார்த்து, "இது போதும். தார்ல கொஞ்சம் இழுக்கும். ஆனா போய்ச் சேருவீங்க" என்றார்.

கலியாணசுந்தரம் சட்டைப்பையிலிருந்து கருவியை எடுத்து வைத்துப் பார்த்தார். "ஐம்பத்தஞ்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்த டயர் சுப்பையனுடையதைவிட ஒல்லி, ஆளும் அவரைவிடப் பாரம். அந்த இரண்டுக்கும் மட்டுமே பொருந்தும் அளவு அது. இதை விளக்கச் சுப்பையன் மெனக்கெடவில்லை.

சரளை முடியும்வரை சுப்பையன்தான் முன்னால். தார் ஏறியதும் சீமைச் சைக்கிள் பின்னாலேயே நெருங்கி வந்தது. கலியாணசுந்தரம் அவரைத் தாண்டிய இடம் காஜா பெராங். நடராஜன் கடைக்கு நேர் எதிரே, ருக்மணி பக்கத்து வீட்டுப் பெண்களோடு நின்றுகொண்டிருந்த இடம். கிராணி எட்டாவதாக வந்தார். சுப்பையன் ஒன்பதாவது.

வீட்டுக்கு வந்து, நடந்ததையெல்லாம் ருக்மணியிடம் சொன்னார். கல்விளிம்பு அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்ததையும், தோட்டத்துக்காரர்கள் பாலத்தைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் என்பதையும் விரிவாகச் சொன்னார். அவள் வெந்நீர் கலந்துகொண்டிருந்தாள்.

"நீங்க ரோட்டப் பாத்தீங்களா, அந்த ஆளு மூஞ்சியப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

சுப்பையன் குளிக்கப் போய்விட்டார்.  ஆனால் அந்த வாக்கியத்தைச் செதுக்கிய நேரத்தை நினைத்து அவருக்குத் தன்மேலேயே ஓர் அருவருப்பு வந்தது. மற்றவர்கள்மேல் வைத்திருந்ததைப்போல அது நிலையானதாக இல்லை. ஒரு வாரத்தில் போய்விட்டது.

போவதற்குக் காரணமும் வந்தது. கலியாணசுந்தரம் சங்கத்துக் கூட்டத்தில், சரளைச் சாலைக்கு ஏற்ற காற்றழுத்தம் பற்றித் தாம் நடத்திய நீண்ட பரிசோதனைகளைப் பற்றிப் பேசினார். அதைத் தட்டச்சு செய்து ஊர்க் கடைகளிலெல்லாம் ஒட்டவும் செய்தார். நடராஜன் கடைச் சுவரிலும் ஒன்று வந்தது. எல்லாரும் ஐம்பத்தைந்து பவுண்டு அடிக்க வேண்டும் என்றிருந்தது. சுப்பையன் அதை இரண்டு முறை எழுத்துக்கூட்டிப் படித்தார். அவருடைய பெயர் இல்லை. நடராஜன் கிழித்துப்போடக் கை நீட்டினார்.

"இருக்கட்டும்" என்றார் சுப்பையன். "ஒரு நம்பர விட்டுட்டு இன்னொரு நம்பரப் புடிச்சிருக்கானுங்க. அவ்வளவுதான்."

அடுத்த வருஷம் அப்படியே ஆயிற்று. பந்தயத்துக்கு முந்தின இரண்டு நாளும் மழை. செம்மண் குழம்பாகக் கிடந்தது. ஒல்லியான பையனும் தொந்தி போட்டவரும், மெல்லிய டயரும் தடித்த டயரும், எல்லாம் ஐம்பத்தைந்து. சுப்பையன் முன்னும் பின்னுமாக எட்டு அடி குறைத்துக்கொண்டு வந்திருந்தார். புறப்படும் கோட்டில் தலையைக் குனிந்துகொண்டே நின்றார். யார் முகத்தையும் பார்ப்பதில்லை என்ற தீர்மானம். அதனால் பக்கத்தில் நின்றவரின் கைதான் கண்ணில் பட்டது. அலோர் காஜாவிலிருந்து வந்த மலாய்ப் போலீஸ்காரர் ஒருவர், தெருவில் தேங்கிய தண்ணீரைப் பார்த்துவிட்டு, குனிந்து, பெருவிரலால் டயரை அழுத்தி, கொஞ்சம் காற்றை வெளியே விட்டார். மறுபடி அழுத்திப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் விட்டார்.

சுப்பையனுக்கு என்னவோ போல் இருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு சைக்கிள்காரனைப் பார்த்து இளக்காரமாக நினைக்க அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பதினோரு மைல் குழம்பிலும் இருவரும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள்.  பாலம் வந்தபோது இருவருமே எழும்பிக்கொண்டார்கள். போலீஸ்காரர் முதலாவதாக வந்தார், சுப்பையன் இரண்டாவது. கலியாணசுந்தரம் எங்கோ பின்னால், சேற்றில், இருபதுக்கும் அப்பால்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது ருக்மணி வழக்கம்போலக் காத்திருந்தாள். சுப்பையன் வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அந்தப் போலீஸ்காரர் நன்றாக ஓட்டினார் என்று கடைசியில் சொன்னார். அவள் கரண்டியோடு நின்றுவிட்டாள். அவர் வாயிலிருந்து அப்படியொரு பேச்சை அவள் கேட்டதே இல்லை.

"சீட்டு மட்டும் அரை இஞ்சு ஒசரம்" என்று சேர்த்துக்கொண்டு, ரசம் கேட்டார்.