தேவசகாயம் வாசித்த மயில்

கோடம்பாக்கத்தில் அவரை 'அமாவாசைக்காரர்' என்றுதான் சொல்வார்கள். மாதத்தில் அந்த ஒரு நாள் மட்டும்தான் ரெக்கார்டிங்குக்கு வருவார். மற்ற நாட்களில் கார் அனுப்பினாலும் வரமாட்டார். ஆள் பெரிய மந்திரவாதி என்று முடிவு கட்டி, இரண்டு தயாரிப்பாளர்கள் அவர் காலில் விழுந்திருக்கிறார்கள். வில்லன் வேஷக்காரர் ஒருவர் ஒரு கூடை எலுமிச்சம்பழத்தைப் பயபக்தியோடு கொண்டுவந்து வைத்தார். அதை அவர் வீட்டில் ஊறுகாய் போட்டுவிட்டார்கள்.

அந்த மந்திரவாதி, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த தேவசகாயம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சில் முன்வரிசையில் உட்கார்ந்து தூங்குகிறவர். இருட்டில் தனியாக நடக்கவே பயப்படுவார்.

எல்லாம் ஒரு பெட்டியால் வந்தது. வால்வு ரேடியோவைச் சோதித்துப் பார்க்க ஆசிலேட்டர் என்று ஒன்று வைத்திருப்பார்கள். குமிழைத் திருகினால் 'கூ' என்று ஒரு சத்தம் ஏறும், இறங்கும். மற்ற மெக்கானிக்குகள் ஒரு தடவை திருகிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். தேவசகாயம் வேலையை விட்டுவிட்டுத் திருகிக்கொண்டே இருப்பார். ரிப்பேருக்கு வந்த ரேடியோக்கள் பெஞ்சில் தூசி படிந்து கிடக்கும். கேட்டால், "இருப்பா, இது இன்னாமோ சொல்ல வருது" என்பார்.

அது சொல்ல வந்ததை முதலில் கேட்டவர்கள் வாலாஜாபாத் பக்கத்துக் கிராமத்தார். அறுபத்தாறில் அங்கே பாரதக் கூத்து நடந்தது. மைக்செட் தேவசகாயத்துடையது. திரௌபதியின் துகிலை உரியும் கட்டத்தில், மழையில் நனைந்திருந்த ஹார்மோனியம் வாயை மூடிக்கொண்டது. துச்சாதனன் சேலையை இழுக்கிறான், பின்பாட்டுக்குச் சுருதி இல்லை. சும்மா இருக்க முடியாமல் தேவசகாயம் தன் பெட்டியை மைக்குக்கு முன்னால் வைத்துக் குமிழைத் திருகினார். சேலை நீள நீளச் சத்தமும் ஏறிக்கொண்டே போனது. பதினோரு பேருக்குச் சாமி வந்தது. அதில் ஒருவர் பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர். துச்சாதனன் வேஷக்காரர் கிருஷ்ணனிடம் நிஜமாகவே மன்னிப்புக் கேட்டார்.

கூட்டத்தில் அந்த ஊர்க்காரரான சினிமா இசையமைப்பாளர் காசிநாதன் உட்கார்ந்திருந்தார். சில வருஷம் கழித்து, பக்திப் படம் ஒன்றில் சுதர்சனச் சக்கரம் அசுரனைத் துரத்தும் காட்சிக்கு எந்த வாத்தியமும் ஒத்துவராமல் போனபோது, அவருக்குத் தேவசகாயத்தின் ஞாபகம் வந்தது. ஆள் அனுப்பி வரவழைத்தார்.

தேவசகாயம் பெட்டியோடு போய் வாசித்தார். ஸ்டூடியோவே வாயைப் பிளந்தது. காசிநாதன், "பிரமாதம், ஒன் மோர் டேக்" என்றார். அங்கேதான் தேவசகாயம் மாட்டிக்கொண்டார். கையால் திருகுகிற குமிழ் ஒரு தடவை போன இடத்துக்கு மறு தடவை போகுமா? ஒவ்வொரு டேக்கிலும் சக்கரம் வேறு வேறு மாதிரி சுற்றியது. பதினேழாவது டேக்கில் காசிநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அதே சத்தம் திரும்ப வரணும்யா. இல்லேன்னா ஊருக்குப் போயிடு."

ஊருக்குத்தான் போனார். மறுநாள் கங்கையம்மாளுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு தறிக்கொட்டகைக்குப் போனார். கங்கையம்மாள் அவர் மனைவி. ராஜகோபால் முதலாளியின் கொட்டகையில், நெசவாளி சின்னப்பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மிதியை மிதித்தபடி, கரைக்கு நூல் ஓட்டும் நாடாவை எறிகிறவள். சின்னப்பையனுக்கு அப்போது வயது அறுபத்திரண்டு. பெயர் வைத்தவர்கள் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை.

தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதில் துளை போட்ட அட்டைகள் கயிற்றில் கோத்த மாலையாகச் சுற்றி வருகின்றன. எந்தத் துளையில் ஊசி நுழைகிறதோ அதற்குரிய இழை மேலே எழும், ஜரிகை ஏறும். நூற்றறுபது அட்டை சுற்றினால் கரையில் ஒரு மயில். மறுபடி சுற்றினால் அதே மயில், இறகு பிசகாமல். தேவசகாயம் தூக்குச்சட்டியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார்.

"சாப்பாட்டக் குட்த்துட்டுப் போறியா, இல்ல நீயே துன்னப் போறியா?" என்றாள் கங்கையம்மாள்.

"கங்கா, இந்த மயிலை எனக்கு ஒரு நாளைக்குக் குடு" என்றார் தேவசகாயம்.

ஒரே வாரத்தில் பித்தளைக் கம்பிகளை வைத்து ஒரு சட்டம் செய்துவிட்டார். அட்டை அதில் நகரும். துளை வந்த இடத்தில் கம்பி தகட்டைத் தொடும், அந்தத் துளைக்கென்று ஒரு சத்தம் எழும். வெறும் காகிதத்தில் துளை போட்டால் கம்பி கிழித்துவிடும். தறியின் அட்டைதான் வேண்டும். அமாவாசையன்று காஞ்சிபுரத்தில் தறி ஓடாது. அன்றைக்கு ராஜகோபால் முதலாளி கோயிலில் இருப்பார், கொட்டகைச் சாவி பெருக்குவதற்காகக் கங்கையம்மாளிடம் இருக்கும். காலையில் எடுத்துக்கொண்டு போய், பொழுது சாய்வதற்குள் திரும்ப மாட்டிவிட வேண்டும். அமாவாசைக்காரர் பிறந்த கதை இவ்வளவுதான்.

மயில் அட்டை சக்கரமாகச் சுற்றியது. படம் நன்றாக ஓடியது. அதன் பிறகு எல்லோருக்கும் அதே சத்தம் வேண்டும் என்றாகிவிட்டது. அந்த ஒரே மயில் அடுத்த படத்தில் பறக்கும் காராக வந்தது. அதற்கடுத்த படத்தில் பேயாக. ஒரு குடும்பப் படத்தில் கதாநாயகிக்கு வந்த மயக்கமும் அதுதான். எந்தப் படத்தின் டைட்டிலிலும் தேவசகாயத்தின் பெயர் இல்லை. ஒரு தடவை கூச்சத்தோடு கேட்டுப் பார்த்தார். காசிநாதன் சிரித்துவிட்டு, "நீ சத்தம் போடற ஆளுய்யா. ம்யூசிக் நான்ல போடறேன்?" என்றார்.

அது தேவசகாயத்தை உள்ளே அறுத்தது. ஏனென்றால் அதில் உண்மை இருந்தது. அட்டையில் இருந்தது ராஜகோபாலின் மயில். காட்சி காசிநாதனுடையது. நடுவில் தான் யார்? தனக்கென்று ஒரே ஒரு சங்கதியாவது செய்துவிட்டுச் சாக வேண்டும் என்று அவருக்கு ஆசை. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் ரேடியோக்களிடம் மட்டும் சொல்லிவைத்தார்.

எழுபத்துநாலில், ஆடி அமாவாசையன்று ரெக்கார்டிங் முடிந்து திரும்பும்போது, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி பஸ் ஒரு எருமைக்காகச் சட்டென்று நின்றது. மடியில் இருந்த மாலை அறுந்து, நூற்றறுபதில் பதினோரு அட்டைகள் பஸ் முழுக்கச் சிதறின. எல்லோரும் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தது. வரிசைதான் போய்விட்டது.

அட்டையில் நம்பர் போட்டிருந்தால் தொல்லை இல்லை. ராஜகோபால் நம்பர் போடமாட்டார். திருடன் தூக்கிக்கொண்டு போனாலும் வரிசை தெரியாமல் விழிக்கட்டும் என்பது அவர் ஏற்பாடு. அதே முன்யோசனையில் டிசைன் வரைந்த கட்டத்தாளையும் கொளுத்திவிட்டிருந்தார்.

தேவசகாயம் வீட்டுக்கு வந்து, பொழுது சாய்வதற்கு இருந்த அரைமணி நேரத்தில், காதை நம்பிக் கோத்தார். ஒவ்வொரு அட்டையாகச் சட்டத்தில் வைத்துக் கேட்டு, முன்னால் வருவது எது, பின்னால் வருவது எது என்று வைத்துக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு இடத்தில் சத்தம் யாரும் எதிர்பாராத பக்கம் திரும்பி, ஏறி, மூச்சை நிறுத்தி, மெதுவாக இறங்கியது. அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இதுதான் சரி, இத்தனை நாளும் இப்படித்தான் இருந்தது என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டு முடிச்சுப் போட்டார். கங்கையம்மாள் கொண்டுபோய் மாட்டிவிட்டாள்.

ராஜகோபால் பட்டு நூல் வாங்கப் பெங்களூர் போயிருந்தார். இரண்டு வாரம் கழித்து வந்து பார்த்தபோது ஒரு முழுச் சேலை நெய்து முடிந்திருந்தது. கரை நெடுக மயில்கள். ஒவ்வொன்றுக்கும் தோகையிலிருந்து கழுத்து முளைத்து, கொண்டைக்கு மேல் கால் நின்றது.

"யோவ் சின்னப்பையா, இன்னாய்யா இது?"

"புது ஃபேஷன்னு நெனச்சேன் மொதலாளி" என்றார் சின்னப்பையன். "இப்பல்லாம் பசங்க பேண்ட்டே கூடாரமாட்டம் போட்டுக்கினு திரியுதுங்களே."

உண்மை வெளியே வர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தேவசகாயம் தானே போய்ச் சொல்லிவிட்டார். தன் மயில் இரண்டு வருஷமாகச் சினிமாவில் பேயாக நடித்துக்கொண்டிருக்கிறது என்பதை ராஜகோபால் புரிந்துகொள்ளத்தான் நேரம் பிடித்தது. கெட்டுப்போனது சேலம் பெரிய வீட்டுக் கல்யாணச் சேலை. மூத்த பெண்ணுக்கு நெய்த அதே மயில் இளைய பெண்ணுக்கும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மூத்தவள் சேலையை வாங்கிப் பார்த்து வரிசையைப் பிடிக்கலாம். ஆனால் ராஜகோபாலுக்குத் தன் டிசைனே தெரியவில்லை என்று சம்பந்தி வீடுவரை சிரிப்பார்கள்.

"தறிப் பாவுல இன்னும் ரெண்டு சேலைக்கு நூல் இருக்குது. பத்து நாளுக்குள்ள என் மயில் வரணும்" என்றார் ராஜகோபால். "வரலேன்னா உன் பொஞ்சாதி இந்தக் கொட்டகைல மட்டுமில்ல, காஞ்சிபுரத்துல எந்தத் தறியிலயும் கால் வைக்க முடியாது. சொல்லிட்டேன்."

கங்கையம்மாளுக்கு அந்தத் தறிதான் உயிர். ஒன்பது வயதிலிருந்து நாடா எறிகிறவள். தேவசகாயம் இரவு பகலாகச் சட்டத்தில் அட்டைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பழைய வரிசை வரவே இல்லை. காதில் புதுசுதான் நின்றது. அது பழசைத் துடைத்துவிட்டது. ஸ்டூடியோவில் விசாரித்தால், அந்த ஒலிநாடாவை அழித்து வேறு பாட்டு எடுத்தாகிவிட்டது என்றார்கள்.

கைக்கு எட்டும் தூரத்தில் அந்த மயில் சரியான வரிசையில் இருந்தது ஒரே இடத்தில்தான். வாலாஜாபாத் டூரிங் டாக்கீஸில் அந்தப் பழைய பக்திப் படம் மூன்று நாள் ஓட வந்திருந்தது.

முதல் ஆட்டத்துக்குத் தேவசகாயம், கங்கையம்மாள், ராஜகோபால் மூவரும் பஸ் ஏறிப் போனார்கள். மணல் தரையில் பதினோரு அட்டைகளையும் பரப்பிவைத்து உட்கார்ந்தார்கள். சக்கரம் வந்தது. தேவசகாயம் ஒரு அட்டையைத் தூக்குவதற்குள் அசுரன் தலை போய்விட்டது. இரண்டாம் நாள் நாலு அட்டை பிடிபட்டது. பக்கத்தில் இருந்தவர்கள், இவர்கள் ஏதோ வேண்டுதலுக்குச் சீட்டு எடுக்கிறார்கள் என்று நினைத்துத் தங்கள் பெண்ணுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டார்கள். ராஜகோபால் எரிச்சலில், "தையில" என்றார்.

மூன்றாம் நாள் ராஜகோபால் ஆபரேட்டரைப் போய்ப் பார்த்து, தனக்குப் பிரார்த்தனை இருக்கிறது, சக்கர ரீலை மூன்று தடவை போட வேண்டும் என்று கெஞ்சினார். பக்தி விஷயம் என்பதால் அவரும் மறுக்கவில்லை. முதல் தடவை ஜனங்கள் கைதட்டினார்கள். இரண்டாம் தடவை சூடம் ஏற்றினார்கள். அந்த வெளிச்சத்தில், கங்கையம்மாள் கணவன் கையிலிருந்த அட்டைகளைப் பிடுங்கினாள்.

"நீ சத்தத்தக் கேக்குற. அத்த வுடு" என்றாள். "துளை ஜாஸ்தின்னா இழை நெறய தூக்கும், மிதி கனம். காலு மிதிக்கறப்பவே தெரியும். இப்ப கும்முனு வந்துது பாரு, இது கனம். அடுத்தது லேசு. அடுத்தது அரை கனம்."

மணலில் காலை மிதித்துக்கொண்டே அடுக்கினாள். மூன்றாம் தடவை அசுரன் தலை உருண்டபோது பதினோராவது அட்டையும் உட்கார்ந்துவிட்டது. ராஜகோபால் திரையைப் பார்த்துக் கும்பிட்டார். கொட்டகையே கும்பிட்டது.

தேவசகாயம் மட்டும் அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் திருப்பம் போய்விட்டது. ஏறி, மூச்சை நிறுத்தி இறங்கிய அந்த இடம் இனி எங்கேயும் கிடையாது. வாழ்க்கையில் அவர் சொந்தமாகச் செய்தது அது ஒன்றுதான். கங்கையம்மாளின் வேலை பிழைத்த சந்தோஷத்துக்கு நடுவில், வாய்விட்டு அழக்கூட முடியாமல் மூக்கைச் சிந்தினார். "பக்திமான்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

மயில் தறிக்குத் திரும்பியது. சேலம் வீட்டுக்குச் சேலை போய்ச் சேர்ந்தது. அந்தக் கோணல் மயில் சேலையை ராஜகோபால் கங்கையம்மாளிடம் வீசி, "என் கண்ணுல இது படவே கூடாது" என்றார். கோடம்பாக்கத்து வேலை அதோடு நின்றது. அட்டை இல்லாத அமாவாசைக்காரர் யாருக்கு வேண்டும்? ரிப்பேர் கடை பழையபடி ஓடாமல் ஓடியது.

கிறிஸ்துமஸுக்கு அவள் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டாள். சர்ச்சுக்கு அவள் பின்னால் நடந்துபோன தேவசகாயத்தின் கண், கரையில் ஒவ்வொரு மயிலாக ஊர்ந்தது. தோகை, கழுத்து, கொண்டை, அதற்கு மேல் கால். அவரை அறியாமல் வாய் முணுமுணுக்க ஆரம்பித்தது. அதே திருப்பம். அதே ஏற்றம். தெருவிலேயே நின்றுவிட்டார்.

"கங்கா, இந்தத் தப்பு உனக்கு எப்பத் தெரிஞ்சிது?"

"மொத மயில்லயே தெரிஞ்சிது. காலு வேற மாதிரி மிதிச்சிது."

"அப்பவே ஏன் மொதலாளி கிட்ட சொல்லல?"

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நடந்தாள்.

"நல்லாயிருந்துச்சி. முழுசா கேக்கலாமேன்னு வுட்டுட்டேன்."